டிசம்பரில் விழும் முத்திரை: ஒரு கான்ஃபரன்ஸ் பலவீனமானதா என்று எப்படி முடிவாகிறது?

2024 டிசம்பர் 3, 4 ஆகிய இரண்டு இரவுகளில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 16 ஆட்டங்கள் நடந்தன. ஒரு பக்கம் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழக லீக், சுருக்கமாக ஏசிசி. எதிர்ப்பக்கம் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், அதாவது எஸ்இசி. இரண்டும் நேருக்கு நேர் மோதிப் பார்க்க 2023இல் தொடங்கிய தொடர் அது. முதல் ஆண்டில் 7-7 என்று சமமாக முடிந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் எஸ்இசி 14, ஏசிசி 2. டியூக் ஆபர்னை 84-78 என்றும், கிளெம்சன் கென்டக்கியை 70-66 என்றும் வென்றன. களமிறங்கிய மற்ற 14 ஏசிசி அணிகளும் தோற்றுப்போயின.

அடுத்த மூன்று மாதமும் இந்த விளையாட்டைப் பின்தொடர்கிறவர்கள் கூடிய இடமெல்லாம் ஒரே பேச்சு: ஏசிசிக்கு இது பலவீனமான ஆண்டா? ஒரு சாரார் அந்த 14-2ஐக் காட்டினார்கள். இன்னொரு சாரார் டியூக்கைக் காட்டினார்கள். நட்சத்திர ஆட்டக்காரர் கூப்பர் ஃப்ளாக் ஆடும் அணி, நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று, அதை வைத்திருக்கும் லீக்கை எப்படிப் பலவீனம் என்று சொல்வது என்று கேட்டார்கள். மூன்றாவதாக ஒரு குரலும் உண்டு. அது ஒவ்வோர் ஆண்டும், எந்த லீக்கைப் பற்றிய பேச்சானாலும் தவறாமல் வரும்: "மார்ச் வரட்டும், அப்போது தெரிந்துவிடும்." மார்ச் என்றால் அந்த மாதம் நடக்கும் தேசியப் போட்டி.

எனக்கு வழக்கு இந்த மூன்றாவது குரலோடுதான். மார்ச்சில் தெரிவது வேறு. ஒரு லீக் பலமா பலவீனமா என்பதற்கான சாட்சியம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரிலேயே பதிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் அதை மாற்ற வழியே கிடையாது என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

சரி, முதலில் கான்ஃபரன்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் 360க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. எல்லோரும் எல்லோரோடும் ஆட முடியாது. ஆகவே பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட குழுக்கள்தான் கான்ஃபரன்ஸ்கள். 2024-25இல் அப்படி 31 இருந்தன. ஒவ்வொன்றின் சாம்பியனுக்கும் மார்ச் மாத தேசியப் போட்டியில் ஓர் இடம் நிச்சயம். மொத்தம் 68 இடம். மிச்சம் 37 இடங்களை 12 பேர் கொண்ட ஒரு தேர்வுக் குழு நிரப்பும். சண்டையெல்லாம் இந்த 37க்காகத்தான்.

ஏசிசி 1953இல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் 7 பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. கூடைப்பந்து என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது இந்த லீக்தான். டியூக் 5 முறை, நார்த் கரோலினா 6 முறை தேசிய சாம்பியன். 2016இல் கடைசி 16 அணிகளில் 6 அணிகள் ஏசிசியிலிருந்து. தேசியப் போட்டியில் அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை கொடுப்பார்கள்; 2019இல் அந்த நான்கு முதல் தரவரிசை இடங்களில் மூன்று ஏசிசிக்கு. அந்த ஆண்டு கோப்பையும் வர்ஜீனியாவுக்கு. இப்படிப்பட்ட பழைய பெருமை ஒரு லீக்குக்கு இருந்தால், அதன் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பெருமையோடுதான் எடைபோடப்படும். வேறொரு லீக்குக்கு 5 இடம் கிடைத்தால் நல்ல ஆண்டு. ஏசிசிக்கு 5 இடம் கிடைத்தால் இறங்குமுகம்.

மூடிய பெட்டி

ஒரு லீக்கின் பலத்தை அளப்பது ஏன் இவ்வளவு சிக்கல்? இதற்கான பதில் எளிய கணக்கில் இருக்கிறது. 2024-25இல் ஏசிசியில் 18 அணிகள். ஒவ்வோர் அணியும் லீக்குக்குள் 20 ஆட்டம் ஆடியது. மொத்தம் 180 ஆட்டங்கள். அவற்றில் 180 வெற்றி, 180 தோல்வி. 18 அணிகளும் அற்புதமாக ஆடினாலும் இதே கணக்குதான். 18 அணிகளும் சொதப்பினாலும் இதே கணக்குதான். வேக் ஃபாரஸ்ட் ஜெயித்தால் எஸ்எம்யு (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) தோற்றிருக்கும். எஸ்எம்யு ஜெயித்தால் வேறு யாரோ தோற்றிருப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் பணம் கை மாறுகிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

ஆகவே ஜனவரி தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை நடக்கும் லீக் ஆட்டங்கள், யார் யாரைவிடப் பெரியவர் என்று சொல்லுமே தவிர, மொத்தக் கூட்டமும் எவ்வளவு உயரம் என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை வெளியாரோடு ஆடும் ஆட்டங்கள் மட்டுமே. அவை நவம்பரிலும் டிசம்பரிலும்தான் நடக்கின்றன, ஓர் அணிக்கு ஏறத்தாழ 11. புத்தாண்டு பிறப்பதற்குள் அந்த ஜன்னல் அநேகமாக மூடிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நவம்பரில் ஆடும் அணி ஒன்றாகப் பழகி சில வாரங்களே ஆன அணி. இப்போதெல்லாம் பாதி ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரியிலிருந்து அந்தக் கோடையில் வந்தவர்களாக இருப்பார்கள். பிப்ரவரியில் அதே அணி முற்றிலும் வேறு மாதிரி ஆடலாம். ஆனால் லீக்கிலுள்ள எல்லா அணிகளும் சேர்ந்து முன்னேறினால் அந்த முன்னேற்றம் எந்தப் பட்டியலிலும் தெரியாது. எல்லோரும் ஒரே அளவு வளர்ந்த வீட்டில் யார் வளர்ந்தார்கள் என்று முதுகோடு முதுகு வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? வெளியிலிருந்து ஒருவர் வந்து பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

முத்திரை எப்படி விழுகிறது

தேர்வுக் குழு இப்போது பயன்படுத்தும் முக்கியமான தரவரிசைக்கு நெட் என்று பெயர். 2018-19 பருவத்தில் வந்தது. அதற்கு முன்பு 1981 முதல் ஆர்பிஐ என்ற பழைய முறை இருந்தது. அதில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கு, எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்குப் பாதி, எதிராளிகளின் எதிராளிகளுக்குக் கால் பங்கு. நெட் இதைவிட நுட்பமானது. யாரை வென்றாய், எங்கே வென்றாய் என்பதோடு, எதிராளியின் தரத்தையும் கணக்கில் எடுத்து, பந்து கைக்கு வந்த ஒவ்வொரு முறையும் எத்தனை புள்ளி எடுத்தாய், எத்தனை கொடுத்தாய் என்றும் பார்க்கிறது.

இதை வைத்து ஒவ்வோர் ஆட்டத்தையும் நான்கு கட்டங்களில் ஒன்றில் போடுகிறார்கள். முதல் கட்டம்தான் மதிப்புமிக்கது. சொந்த மைதானத்தில் நெட் வரிசையில் முதல் 30க்குள் இருக்கும் அணியோடு ஆடினால் அது முதல் கட்ட ஆட்டம். பொது மைதானத்தில் என்றால் முதல் 50. எதிராளியின் மைதானத்தில் என்றால் முதல் 75 வரை. கடைசி எண்ணைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள், பல விஷயம் புரிந்துவிடும். டிசம்பர் முடிவில் ஒரு லீக்கின் பெரும்பாலான அணிகள் முதல் 75க்குள் இருந்தால், அந்த லீக்கில் ஓர் அணி வெளியூர் போகும் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அது முதல் கட்ட ஆட்டமாகிவிடும். ஜெயித்தால் பெரிய வரவு. தோற்றால் பெரிய செலவில்லை. பல அணிகள் 100க்குக் கீழே கிடக்கும் லீக்கில் இது தலைகீழ். ஜெயித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தோற்றால் மானம் போகும்.

2025 மார்ச்சில் இது கண்ணெதிரே நடந்தது. எஸ்இசியில் ஓக்லஹோமாவும் டெக்சஸும் லீக்குக்குள் 6 வெற்றி, 12 தோல்வி. இரண்டு அணிகளுக்கும் தேசியப் போட்டியில் இடம் கிடைத்தது. ஏசிசியில் எஸ்எம்யுவும் வேக் ஃபாரஸ்ட்டும் 13 வெற்றி, 7 தோல்வி. இரண்டுக்கும் கிடைக்கவில்லை. முதல் பார்வைக்கு அநியாயமாகத் தோன்றும். ஆனால் ஓக்லஹோமா லீக் ஆட்டங்கள் தொடங்கும் முன் வெளியாரோடு ஆடிய 13 ஆட்டங்களிலும் ஜெயித்திருந்தது. லீக்குக்குள் வாங்கிய அடிகள் அந்த ஆண்டு வேறு எங்குமே இல்லாத கடினமான களத்தில் வாங்கியவை. எஸ்இசிக்கு அந்த முறை 16இல் 14 இடம் கிடைத்தது. அதற்கு முன்பு எந்த லீக்குக்கும் 11க்கு மேல் கிடைத்ததில்லை.

2022: எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் மறுப்பு

"மார்ச் வரட்டும்" என்கிறவர்களின் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் 2021-22 பருவம். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

2021 நவம்பர் 9, பருவத்தின் முதல் இரவு. வர்ஜீனியா சொந்த மைதானத்தில் நேவியிடம் தோற்றது. பிட்ஸ்பர்க் த சிட்டடெல் என்ற சின்ன ராணுவக் கல்லூரியிடம் தோற்றது. ஜார்ஜியா டெக் ஒஹாயோவிலுள்ள மயாமி பல்கலைக்கழகத்திடம் தோற்றது. சில நாள் கழித்து லூயிவில் ஃபர்மனிடம். அப்புறம் சிராக்யூஸ் கோல்கேட்டிடம் 100 புள்ளி வாங்கித் தோற்றது. இரண்டு வாரத்துக்குள் லீக்கின் மீது முத்திரை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த முத்திரையின் கீழ்தான். வேக் ஃபாரஸ்ட் லீக்கில் 13-7 எடுத்தும், லீக்கின் சிறந்த ஆட்டக்காரரான அலாண்டஸ் வில்லியம்ஸை வைத்திருந்தும் வெளியே நின்றது. மார்ச்சில் ஏசிசிக்கு 5 இடம். டியூக் மட்டும் 2ஆம் தரவரிசை. அடுத்தது நார்த் கரோலினா, 8. மயாமி (இது ஃப்ளோரிடாவிலுள்ள ஏசிசி அணி, ஒஹாயோ மயாமி இல்லை) 10. நோட்ர டேமும் வர்ஜீனியா டெக்கும் 11.

அந்த மார்ச் மாதத்தில் நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. மயாமி 2ஆம் தரவரிசையில் இருந்த ஆபர்னை 79-61 என்று அடித்து விரட்டியது. நோட்ர டேம் ரட்கர்ஸை இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பிறகு வென்று, அடுத்ததாக அலபாமாவையும் வென்றது. நார்த் கரோலினா முந்தைய ஆண்டின் சாம்பியனான பேய்லருக்கு எதிராக 25 புள்ளி முன்னிலையை இழந்து, கூடுதல் நேரத்தில் 93-86 என்று பிழைத்தது. கடைசி 8 அணிகளில் 3 ஏசிசி. கடைசி 4இல் 2. நியூ ஆர்லியன்ஸில் டியூக்கும் நார்த் கரோலினாவும் தேசியப் போட்டியில் முதல் முறையாக மோதின. 81-77 என்று நார்த் கரோலினா வென்றது. டியூக்கின் மைக் ஷஷெவ்ஸ்கிக்குப் பயிற்சியாளராக அதுவே கடைசி ஆட்டம். இறுதியாட்டத்தில் நார்த் கரோலினா இடைவேளையில் 15 புள்ளி முன்னால் இருந்து, கேன்சஸிடம் 72-69 என்று தோற்றது. மொத்தத்தில் அந்தப் போட்டியில் ஏசிசி 14 வெற்றி, 5 தோல்வி.

அப்படியானால் டிசம்பரில் விழுந்த முத்திரை தவறா? பலரும் ஆம் என்றார்கள். எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

அந்த 14 வெற்றியில் 9 வெற்றி டியூக்குக்கும் நார்த் கரோலினாவுக்கும் சொந்தம். டியூக் வலுவான அணி என்பதை டிசம்பரிலும் யாரும் மறுக்கவில்லை. நார்த் கரோலினா பிப்ரவரி நடுவில்கூட பிட்ஸ்பர்க்கிடம் சொந்த மண்ணில் தோற்ற அணி. அதன் பிறகு மார்ச் 5ஆம் தேதி ஷஷெவ்ஸ்கியின் கடைசி உள்ளூர் ஆட்டத்திலேயே டியூக்கை 94-81 என்று வீழ்த்திய அணி. இடையில் அது மாறிவிட்டது. அப்படி மாறியதை எந்தப் பட்டியலும் உடனே பிடிக்காது. அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு: இறுதி நான்குக்கான ஆட்டத்தில் நார்த் கரோலினாவுக்குக் கிடைத்த எதிராளி 15ஆம் தரவரிசை செயின்ட் பீட்டர்ஸ். கென்டக்கியையும் பர்டூவையும் வீழ்த்தி வழியைச் சுத்தம் செய்துவைத்தது அவர்கள்தான்.

இவையெல்லாம் டியூக், நார்த் கரோலினா, மயாமி ஆகியவை நல்ல அணிகள் என்று நிரூபிக்கின்றன. த சிட்டடெல்லிடம் தோற்ற பிட்ஸ்பர்க்கைப் பற்றி இந்த ஆட்டங்கள் என்ன சொல்கின்றன? ஒன்றும் சொல்லவில்லை. அந்த அணி மார்ச்சில் ஆடவே இல்லையே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அரிசி, ஒரே கொதி என்றால் சரி. அன்று 15 அணிகள் இருந்த ஏசிசி என்பது 15 அடுப்பில் 15 பானை. மார்ச்சுக்குப் பரிமாறப்படுவது நன்றாக வெந்த பானைகள் மட்டும்.

எதிர்த்திசையிலும் இதே பாடம்தான். 2021இல் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு 9 இடம், அதில் இரண்டு முதல் தரவரிசை, இரண்டு இரண்டாம் தரவரிசை. கடைசி 16க்குப் போனது மிச்சிகன் மட்டும். ஒஹாயோ ஸ்டேட் 15ஆம் தரவரிசை ஓரல் ராபர்ட்ஸிடம் தோற்றது. இல்லினாய் இரண்டாம் ஆட்டத்திலேயே வீடு திரும்பியது. அதே மார்ச்சில் 5 இடம் மட்டுமே வாங்கிய பேக்-12, கடைசி 8இல் 3 அணிகளை நிறுத்தியது. அவற்றில் ஒன்றான ஓரிகன் ஸ்டேட், பருவத்துக்கு முந்தைய கணிப்பில் லீக்கின் கடைசி இடம் கொடுக்கப்பட்ட அணி. 2011இல் பிக் ஈஸ்ட் 11 இடம் வாங்கி, இரண்டே அணிகளைக் கடைசி 16க்கு அனுப்பியது. அதில் ஒன்று கனெக்டிகட். லீக்கில் 9-9 என்று முடித்த அணி. கோப்பையை அதுவே தூக்கியது. ஏசிசிக்கே 2017இல் 9 இடம் கிடைத்து, கடைசி 16க்கு நார்த் கரோலினா மட்டும் போய், கோப்பையோடு திரும்பியது. இந்த ஆண்டுகளில் லீக் பலமா பலவீனமா? மார்ச்சை மட்டும் வைத்து ஒருவர் எந்தப் பதிலை வேண்டுமானாலும் சொல்லலாம். எந்தப் பதிலை வேண்டுமானாலும் சொல்ல முடிகிற சாட்சியத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரே ஆட்டத்தில் வெளியேற்றும் முறை அது. 40 நிமிடம், ஒரு சூடான கை, ஒரு கணுக்கால் சுளுக்கு, போதும்.

தலை, உடம்பு, வால்

சரி, டிசம்பரை வைத்தே பார்ப்போம் என்றாலும், "லீக்" என்ற சொல்லால் நாம் எதைக் குறிக்கிறோம் என்பதில் பாதிச் சண்டை இருக்கிறது. ரசிகர்கள் தலையைப் பார்க்கிறார்கள்: எத்தனை அணிகள் கோப்பை வெல்லக்கூடியவை? கணினிப் பட்டியல்கள் பல, எல்லா அணிகளின் சராசரியைப் பார்க்கின்றன. அதில் வால் பலமாக இழுக்கும். லூயிவில் 2022-23இல் 4 வெற்றி, 28 தோல்வி. அடுத்த ஆண்டு 8-24. இரண்டு முறை சாம்பியனான அணி அது. அப்படி ஓர் அணி அடிமட்டத்தில் கிடந்தால் மொத்த சராசரியும் சரியும். ஆனால் டியூக்கோ வர்ஜீனியாவோ அதனால் ஒரு துளியும் மோசமான அணியாக ஆகிவிடவில்லை.

கென் பாமராய் என்ற வானிலை ஆய்வாளர் தொடங்கிய புள்ளிவிவரத் தளம் இந்தத் துறையில் எல்லோரும் நம்பிப் பார்ப்பது. லீக்குகளை வரிசைப்படுத்த அவர் கேட்கும் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது: இந்த லீக்கில் பாதி வெற்றி, பாதி தோல்வி எடுக்க ஓர் அணி எவ்வளவு நல்ல அணியாக இருக்க வேண்டும்? இப்படிக் கேட்டால் மிக மோசமான ஓர் அணியும், மிகப் பிரமாதமான ஓர் அணியும் கணக்கை அளவுக்கு மீறி வளைக்க முடியாது. நடு உடம்பின் பலம் தெரியவரும். ஒரு சாதாரண புதன்கிழமை இரவில், ஏழாம் இடத்து அணி பத்தாம் இடத்து அணியின் ஊருக்குப் போய் ஆடும்போது அந்த ஆட்டத்தின் தரம் என்ன? அதுதான் லீக். கோப்பைகள் அலமாரியில் இருக்கும்; லீக் அந்தப் புதன்கிழமையில் இருக்கிறது.

இந்த அளவுகோலை 2024-25 ஏசிசியின் மீது வைத்தால் பதில் தயக்கமில்லாமல் வருகிறது. ஆம், அது பலவீனமான ஆண்டு. டியூக் லீக்கில் 19-1. கிளெம்சனிடம் மட்டும் ஒரு தோல்வி. லூயிவில் புதிய பயிற்சியாளர் பாட் கெல்சியின் கீழ் எழுந்து நின்று 18-2. கிளெம்சனும் 18-2. மூன்று அணிகள் வானத்தில், கீழே ஒரு பெரிய பள்ளம். இரண்டே ஆண்டுக்கு முன்பு இறுதி நான்கில் ஆடிய மயாமி 7-24 என்று முடித்தது. மேலே உள்ளவர்களின் அந்த 18-2களே ஒரு வகையில் நோயின் அறிகுறிதான். நடு உடம்பு வலுவாக இருந்தால் இத்தனை பேரால் இத்தனை சுத்தமாக ஜெயிக்க முடியாது.

18 அணிகளில் 4க்குத்தான் இடம். 2013க்குப் பிறகு ஏசிசிக்கு இவ்வளவு குறைவாகக் கிடைத்ததில்லை. நான்காவது இடம் வாங்கிய நார்த் கரோலினாவைப் பற்றி நாடே சண்டை போட்டது. முதல் கட்ட ஆட்டங்களில் அதன் கணக்கு 1 வெற்றி, 12 தோல்வி. தேர்வுக் குழுவின் தலைவர் அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் என்பது எண்ணெய் ஊற்றியது. விதிப்படி அவர் தன் அணியைப் பற்றிய விவாதத்தில் உட்காரவில்லை என்றாலும், வாய்ப்பு இழந்த மேற்கு வர்ஜீனியாவில் மாநில ஆளுநரே செய்தியாளர்களைக் கூட்டிக் கண்டனம் தெரிவித்தார்.

அந்த மார்ச்சில் கிளெம்சன் மெக்நீஸிடமும், லூயிவில் கிரேட்டனிடமும் முதல் ஆட்டத்திலேயே தோற்றன. டியூக் மட்டும் இறுதி நான்கு வரை போய், ஹூஸ்டனுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் 6 புள்ளி முன்னிலை வைத்திருந்து 70-67 என்று இழந்தது. லீக் பலவீனமாக இருந்ததால் நெருக்கமான ஆட்டங்களில் டியூக்குப் பழக்கம் போய்விட்டது என்று அன்று சொன்னவர்கள் நிறைய. நான் அதை ஏற்கமாட்டேன். எஸ்இசியில் இருந்து வந்த ஆபர்னை டிசம்பரில் அதே டியூக்தான் நெருக்கமான ஆட்டத்தில் வென்றது. 19 வயதுப் பையன்கள் ஒரு நிமிடம் தடுமாறியதற்கு ஒரு லீக்கின் மேல் பழி போடத் தேவையில்லை.

ஏன் இப்படி ஆயிற்று

காரணங்களில் கண்ணுக்குத் தெரிவது பயிற்சியாளர்கள். நார்த் கரோலினாவின் ராய் வில்லியம்ஸ் 2021இல், ஷஷெவ்ஸ்கி 2022இல், சிராக்யூஸின் ஜிம் போஹைமும் நோட்ர டேமின் மைக் பிரேயும் 2023இல் போனார்கள். வர்ஜீனியாவின் டோனி பென்னட் 2024 அக்டோபரில், பருவம் தொடங்க மூன்று வாரம்கூட இல்லாதபோது விலகினார். மயாமியின் ஜிம் லாரனேகா அதே டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் லெனர்ட் ஹாமில்டன் 2025இல். நான்கே ஆண்டுகளில் ஒரு தலைமுறையே எழுந்து போய்விட்டது.

அவர்கள் போனதும் தற்செயல் இல்லை. 2021இல் இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. ஆட்டக்காரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்ற விதி. தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி. ஆட்டக்காரர்களுக்கு இது வெகுகாலம் கழித்துக் கிடைத்த நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பையனை நான்கு ஆண்டு வைத்து வளர்த்து, கடைசி ஆண்டில் அவனை வைத்து ஜெயிப்பது என்ற பழைய ஏசிசிப் பாணிக்கு அது அடி. பென்னட் விலகும்போது, இந்தப் புதிய சூழலுக்குத் தான் ஏற்றவர் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

பணம் இன்னும் ஆழமான காரணம். எஸ்இசிக்கும் பிக் டென்னுக்கும் கால்பந்தால், அதாவது அமெரிக்க பாணிக் கால்பந்தால், வரும் தொலைக்காட்சி வருமானம் ஏசிசியைவிட வெகு அதிகம். ஏசிசியின் ஒப்பந்தமோ 2036 வரை நீள்கிறது. அதிலிருந்து விடுபட ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில்தான் சமாதானமானார்கள். எஸ்இசி அந்தக் கால்பந்துப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி, நல்ல கூடைப்பந்துப் பயிற்சியாளர்களை வாங்கியது. அதற்கிடையில் ஏசிசி 2024இல் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா, எஸ்எம்யு ஆகிய மூன்றைச் சேர்த்து 18 ஆனது. அட்லாண்டிக் கரையின் பெயரை வைத்துக்கொண்டு பசிபிக் கரை வரை போயிற்று. கூடைப்பந்தைப் பார்த்து எடுத்த முடிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏசிசி தரப்பில் ஒரு முறையீடும் உண்டு. வேறு சில லீக்குகளின் அணிகள், முக்கியமாகப் பிக் 12 அணிகள், நவம்பரில் மிகப் பலவீனமான எதிராளிகளை வரவழைத்து 40 புள்ளி வித்தியாசத்தில் அடித்து, அதன் மூலம் நெட் பட்டியலில் ஏறிக்கொள்கின்றன. அப்புறம் ஒருவரோடொருவர் ஆடி அந்த உயரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. புள்ளி வித்தியாசத்துக்கு மதிப்பு கொடுக்கும் எந்த முறையிலும், ஜெயித்த ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம் நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைப்பவன் நஷ்டப்படுவான். கிரிக்கெட்டில் நிகர ரன் விகிதத்துக்காக அடித்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் இந்த ஓட்டை நவம்பரில் தோற்றவர்களைக் காப்பாற்றாது. த சிட்டடெல்லிடம் தோற்றது எந்தச் சூத்திரத்தாலும் வெற்றியாகாது.

இதற்கெல்லாம் விலை கொடுப்பது யார் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. 2023-24இல் பிட்ஸ்பர்க் 22 வெற்றி, 11 தோல்வி. 15 அணி லீக்கில் நான்காம் இடம். மார்ச்சில் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பருவத்தின் நவம்பர் 28 அன்று, எஸ்இசியோடு மோதும் அதே தொடரில், அவர்கள் சொந்த மைதானத்தில் மிசௌரியிடம் தோற்றிருந்தார்கள். மிசௌரி அதற்குப் பிறகு எஸ்இசியில் ஆடிய 18 ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. எஸ்இசியின் கடைசி அணியிடம் தோற்ற அந்த ஓர் இரவு, பிட்ஸ்பர்க்கின் கணக்கில் மட்டும் எழுதப்படவில்லை. பிட்ஸ்பர்க்கோடு ஆடிய எல்லா ஏசிசி அணிகளின் கணக்கிலும் சிறிதளவு எழுதப்பட்டது. அதே ஆண்டு என்சி ஸ்டேட் 17-14 என்று கிடந்து, பருவ முடிவில் லீக் தனக்குள் நடத்தும் வெளியேற்றுப் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்து ஏசிசி கோப்பையை வாங்கியதால் மட்டுமே உள்ளே நுழைந்து, இறுதி நான்கு வரை போனது. பிட்ஸ்பர்க்குக்கு அந்த வாய்ப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாருக்கும் தெரியாது. அந்தப் பையன்களுக்கும் தெரியாது.

பெருமை மட்டும் போவதில்லை. தேசியப் போட்டியில் ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும், இறுதியாட்டம் நீங்கலாக, அதன் லீக்குக்கு ஒரு பங்கு பணம் போகிறது. ஒரு பங்கு ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். டிசம்பரில் இரண்டு இடம் குறைந்தால் ஆறு ஆண்டுக்கு வருமானம் குறையும். குறைந்த வருமானத்தில் நல்ல ஆட்டக்காரர்களைப் பிடிப்பது கடினம். அவர்கள் இல்லாமல் அடுத்த டிசம்பர் வரும்.

2025 மே மாதம் ஏசிசி ஒரு முடிவெடுத்தது. லீக்குக்குள் ஆடும் ஆட்டங்களை 20இலிருந்து 18ஆகக் குறைத்தது. ஒவ்வோர் அணிக்கும் வெளியாரோடு ஆட இன்னும் இரண்டு ஆட்டம் கிடைக்கும். அந்த இரண்டையும் யாரோடு ஆடுவது என்று அணிகளே முடிவு செய்துகொள்ளலாம்.